ஓரா மீன் ஏன் கூட்டமாகவே மேய்கிறது?

பாளைவாசி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். கடலோடு எனக்குப் பழக்கம் குறைவு. எங்கள் வீட்டில் மீன் என்றால் மார்க்கெட்டில் வாங்குகிற சாளை, நெத்திலி, எப்போதாவது சீலா. அவ்வளவுதான்.

போன மாதம் குடும்பத்தோடு உவரி அந்தோணியார் கோவிலுக்குப் போய் இரவு தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணி இருக்கும், மகளைக் கூட்டிக்கொண்டு தூண்டில் வளைவுக் கல்லில் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் கல் வரிசை) போய் உட்கார்ந்தேன். அவள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். காற்றே இல்லை. தண்ணீர் அடிவரை தெரிந்தது. கல்லின் ஓரத்தில் ஒரு மீன் கூட்டம் நின்றது. மகள் எண்ணத் தொடங்கினாள், 43 வரை வந்து குழம்பிவிட்டாள். உள்ளங்கை நீளம், தட்டையான உடம்பு, பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், மேலெல்லாம் அரிசிக் குருணை தூவினது போல வெள்ளைப் புள்ளி. எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கல்லில் இருந்த பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன. முன்னால் ஒன்று நகர்ந்தால் மொத்தமும் நகர்ந்தது. நான் எழுந்து நின்றேன், என் நிழல் தண்ணீரில் விழுந்தது. அந்த நொடியே அத்தனையும் ஒரே பக்கம் திரும்பி ஆழத்துக்குப் போய்விட்டன. மறுபடி உட்கார்ந்த பிறகு, ஐந்து நிமிடம் கழித்து அதே கல்லுக்கு வந்தன.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஓரா" என்றார். திரும்பும்போது கரையில் ஒரு கூறு ஓரா வாங்கி வந்தேன். வீட்டில் நான்தான் சுத்தம் செய்தேன். முதுகு முள் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. தேள் கொட்டின மாதிரி வலி, முழங்கை வரை இழுத்தது. துணியால் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். நாலு மணி நேரம் ஆயிற்று அடங்க.

அந்த முள்ளில் விஷம் உண்டா? இந்த மீன் எப்போதும் கூட்டமாகத்தான் இருக்குமா? இரவில் எங்கே போகும்? மகள் தன் பங்குக்கு ஒன்று கேட்கச் சொன்னாள்: அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் உண்டா?

முத்துநகர் மாணவி

வணக்கம் சார். தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறேன். விரல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விஷம் உண்டு. முதுகில் 13 முள், பின்பக்க அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகள் இரண்டிலும் முன்னும் பின்னும் ஒவ்வொன்றாக 4. மொத்தம் 24. வயிற்றுத் துடுப்பின் இரு ஓரத்திலும் முள் இருப்பது ஓரா குடும்பத்துக்கே உரியது. ஒவ்வொரு முள்ளின் பக்கவாட்டிலும் பள்ளம் இருக்கிறது, அதில்தான் விஷச் சுரப்பி. மீன் செத்த பிறகும் முள் குத்தினால் கடுக்கும், ஐஸில் வைத்த மீனும் அப்படித்தான். உயிருக்கு ஆபத்து என்பது மிக அரிது. ஆனால் வலி நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கும்.

இனி குத்தினால் கட்டுப் போடாதீர்கள். இறுக்கிக் கட்டினால் ரத்தம் ஓடாமல் விரலுக்கே கேடு. ஒடிந்த முள் இருந்தால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை முக்கி வையுங்கள். 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். இந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகிற புரதம், அதனால்தான் வெந்நீர் கேட்கும். அப்புறம் டாக்டரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. வீக்கம் குறையாவிட்டாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்கவே கூடாது.

கூட்டம் பற்றி எங்கள் புத்தகத்தில் இருப்பதைவிட இங்கே கடலில் இறங்கினவர்கள் நன்றாகச் சொல்வார்கள். சங்குகுளி ஐயா இந்தப் பக்கம் வருவார், அவர் எழுதட்டும்.

சங்குகுளி

தம்பி, உங்கள் மகள் உட்கார்ந்து 43 வரை எண்ணினாள் என்று படித்ததும் மற்ற வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன். பிள்ளைகள் கடலைப் பார்த்தால் அலையைப் பார்ப்பார்கள். தண்ணீருக்குள் பார்க்கிற பிள்ளை அபூர்வம்.

எனக்கு 63 வயது. உவரிக்கு வடக்கே கடற்கரை ஊர். 19 வயதில் தூத்துக்குடிக்குச் சங்கு குளிக்கப் போனேன். 20 வருடத்துக்கு மேல் குளித்தேன். தொடக்கத்தில் கண்ணாடி மட்டும் போட்டு மூச்சடக்கித்தான் இறங்குவோம். சங்கு கிடப்பது மணலில், பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில் இல்லை. ஆனால் பாரை ஒட்டின மணலில் நல்ல சங்கு கிடைக்கும், அதனால் பாரைத் தாண்டித் தாண்டித்தான் எங்கள் பாடு. ஓராவை நான் பார்த்தது அப்படித்தான், தினமும், தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும்.

ஓரா ஆடு மாதிரி. நம் தேரிக்காட்டில் கிடை ஆடு மேய்வதை ஒரு பொழுது நின்று பாருங்கள். எல்லாத் தலையும் கீழே இருக்கும். ஆனால் எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு தலை நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்தது குனியும்போது வேறொன்று நிமிரும். யாரும் சொல்லிக்கொடுத்து வைத்த காவல் இல்லை. நூறு ஆட்டுக்கு நூறு முறை காவல் மாறுகிறது, மற்ற 99-ம் நிம்மதியாகத் தின்கின்றன. தனி ஆடு ஒரு வாய் தின்பதற்குள் மூன்று முறை சுற்றிப் பார்க்க வேண்டும். ஓராவுக்கும் அதே கணக்கு. பாசி சத்து குறைந்த தீனி, நாள் முழுக்கக் கொறித்தால்தான் வயிறு நிறையும். பயந்து பயந்து தின்றால் கட்டுப்படி ஆகாது.

அதைச் சுற்றிப் பயமும் நிறைய. பாரின் பொந்தில் களவா மீன் வாயைத் திறந்து கிடக்கும். மேலே சீலாவும் பாரை மீனும் சுற்றும். பாரை பாய்ந்து வரும்போது ஓராக் கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். சிதறாது. முதலில் ஒன்றோடொன்று நெருங்கும், முள்ளையெல்லாம் விரிக்கும், அப்புறம் மொத்தமாக ஒரு பக்கம் சாயும். பாரைக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போய்விடும். ஒதுங்கின ஒன்றுதான் மாட்டும்.

கூட்டத்துக்கு இன்னொரு காரணத்தை நான் பாரில்தான் கற்றுக்கொண்டேன். பாரில் ஒரு விரல் நீளக் கறுப்பு மீன் இருக்கிறது. தனக்கென்று ஒரு முறம் அகலப் பாசித் திட்டை வைத்துக்கொண்டு காவல் காக்கும். மனிதக் கையைக்கூடக் கடிக்க வரும், அத்தனை கோபம். ஒற்றை ஓரா அந்தத் திட்டில் வாய் வைத்தால் விரட்டி விரட்டிப் பாரை விட்டே துரத்திவிடும். ஆனால் ஐம்பது ஓரா ஒன்றாக இறங்கினால் அது எதை விரட்டும்? ஒன்றை விரட்டிக்கொண்டு போவதற்குள் மற்ற 49 திட்டை மொட்டையடித்துவிட்டுக் கிளம்பும். நல்ல கொழுத்த பாசி அந்தக் காவல் திட்டுகளில்தான் இருக்கும். தனியாக அலைகிறவனுக்கு அந்தச் சோறு கிடைக்காது.

மகளிடம் சொல்லுங்கள், தலைவன் இல்லை. நான் பல நாள் அதையே பார்த்துக்கொண்டு மூச்சு முட்டி மேலே வந்திருக்கிறேன். முன்னால் போவது தலைவன் மாதிரித் தோன்றும். ஒரு நிழல் விழுந்து கூட்டம் திரும்பினால் கடைசியில் இருந்ததுதான் முதலாவது. பக்கத்து மீன் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்வது, அதுதான் அவற்றின் சட்டம் முழுவதும்.

காலையில் வெயில் தண்ணீருக்குள் இறங்கினதும் மேய வரும். ஏற்றத்தில் கரைக் கல்லுக்கு நெருங்கும், வற்றத்தில் விலகும். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், இருந்தாலும் அந்த இரண்டடித் தண்ணீரை அது வீணாக்காது. நீங்கள் பார்த்தது ஏற்றமாக இருந்திருக்கும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம் பலமாக ஓடுகிற நாளில் கல்லின் மறைவான பக்கத்தில் நிற்கும்.

இரவு என்று கேட்டீர்கள். ஒரு வருடம் சிங்கி இறாலுக்காக டார்ச்சோடு இரவில் இறங்கினேன். பகலில் அத்தனை கூட்டமாக இருந்தது இரவில் தனித்தனியாகக் கல் இடுக்கிலும் தாழை என்கிற கடல்புல்லிலும் சாய்ந்து கிடந்தது. நிறமும் மாறிவிட்டிருந்தது. தவிட்டு நிறத்தில் திட்டுத் திட்டாக, காய்ந்த பாசி ஒட்டின கல் போலவே. முள் மட்டும் விரிந்து நின்றது. முதல் நாள் நான் அதைக் கல் என்று நினைத்துக் கை ஊன்றப் போனேன். அதனால் உங்கள் விரலின் வலி எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி.

இனி எனக்கு மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் குளித்த காலத்தில் ஒரு சிறிய பார் உண்டு. ஏழு பாகம், அதாவது நாற்பதடிக்கு மேல் தண்ணீர். பெயர் சொன்னால் தெரியாது, எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேருக்குள் வழங்கின பெயர். அதில் ஒரு ஓராக் கூட்டம் வருடக்கணக்கில் இருந்தது. பவளம் சுத்தமாக இருக்கும். மான்கொம்பு மாதிரிப் பவளத்தின் நுனிகள் ஊதா நிறத்தில் துளிர்த்திருக்கும். 1998 வாக்கில் ஒரு சாயந்திரம், வேறு ஊர்ப் படகு ஒன்று பொடிக்கண்ணி வலையால் அந்தப் பாரைச் சுற்றி வளைத்து, ஆள் இறங்கி அடித்து ஓட்டி, கூட்டத்தையே மொத்தமாக அள்ளிவிட்டது. விரல் நீளக் குஞ்சும் சேர்ந்துதான். பெரியதை ஏலம் போட்டார்கள். குஞ்சைக் கோழித்தீவனத்துக்குக் காய வைத்தார்கள், கரை மணலில் நானே பார்த்தேன். கூட்டமாக இருப்பதுதான் அதற்குக் காப்பு என்று இத்தனை நேரம் எழுதினேன். அந்த வலை முன்னால் அதே பழக்கம்தான் அதைக் கொன்றது. சிதறி ஓடியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

அடுத்த வருடம் அந்தப் பாரில் கட்டக்கோரை என்கிற பெரிய பாசி முழங்கால் உயரம் நின்றது. அதற்கு அடுத்த வருடம் இன்னும் அடர்த்தி. பவளத்தின் கொம்புக்கு நடுவே பாசி ஏறி வெயில் படாமல் போய்விட்டது. பவளம் செத்ததற்கு ஓரா போனது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி அள்ளின காலத்தையும் பார்த்தவன் நான். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்த பிறகுதான் அது மெல்ல மெல்ல நின்றது. கடல் சூடாகிப் பவளம் வெளுப்பதையும் பார்த்தேன். 2016-ல் மருமகனோடு படகில் போனபோது மேலிருந்து பார்க்கவே பார் வெள்ளைவெளேரென்று தெரிந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் வெளுத்துச் செத்த பவளத்தின் மேல் சில வாரங்களிலேயே பாசி படரும். புதிய பவளக் குஞ்சு வந்து ஒட்ட வேண்டுமானால் அதற்குச் சுத்தமான கல் வேண்டும். அந்தக் கல்லைச் சுத்தமாக வைப்பது ஓரா மாதிரிப் பாசி தின்னிகள்தான். களை எடுக்காத வயலில் நாற்று பிடிக்குமா? நடுகிற நேரத்தில் களையெடுக்கிற ஆளையே பிடித்துக்கொண்டு போய்விட்டால் வயல் என்ன ஆகும்?

நானும் மீன் தின்கிறவன்தான், ஓராவுக்குக் கூடு (மீன் பொறி) வைத்தவன்தான். கூட்டில் பத்து விழும், பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதை உயிரோடு கடலில் விட்டுவிடலாம். பிடிக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மொத்தக் கூட்டத்தையும் வழித்து எடுக்காதே என்பதுதான் என் பேச்சு. நீங்கள் வாங்குகிறவர், உங்களிடம் கேட்பது ஒன்று. விரல் நீள ஓராவைக் கூறு போட்டு வைத்திருந்தால் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்றும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் ஏலத்தில் போய்ச் சொல்வார்.

முத்துநகர் மாணவி

ஐயா சொன்ன காவலைப் பற்றிப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. ஓராவில் ஏறக்குறைய 30 வகை உண்டு, எல்லாம் சிகானஸ் என்ற ஒரே பேரினம். நீங்கள் உவரியில் பார்த்த புள்ளி ஓரா கூட்டமாக மேயும் வகை. பவளப் பாரிலேயே தங்குகிற சில வகைகள் இரண்டிரண்டாகத் திரியும். 2015-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த ஜோடிகளைக் கவனித்து எழுதினார்கள். ஒன்று இடுக்கில் தலையை விட்டுப் பாசி தின்னும்போது மற்றது சற்று மேலே நிமிர்ந்து நின்று காவல் பார்க்கிறது, அப்புறம் முறை மாற்றிக்கொள்கின்றன. ஐயா கிடை ஆட்டில் சொன்னது, இங்கே இரண்டு பேருக்குள் நடக்கிறது.

கட்டக்கோரை விஷயமும் ஆய்வில் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப் பாரில் ஒரு தீவருகே கட்டக்கோரையைக் கல்லில் கட்டி, வீடியோ கேமராவை வைத்துவிட்டு ஆட்கள் விலகிவிட்டார்கள். அந்த இடத்தில் முன்பு ஆட்கள் மூழ்கி மீன் எண்ணியபோது கணக்கில் வராத ஓராதான் கூட்டமாக வந்து அதை மேய்ந்தது. 2008-ல் வெளியான ஆய்வு அது. ஆள் இருந்தால் வராது, ஆள் போனால் வரும். உங்கள் நிழல் பட்டதும் ஓடினது நினைவிருக்கிறதா சார்?

இதே மீன் தனக்கு உரியதல்லாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது. அதன் வழியே செங்கடல் ஓரா இரண்டு வகை மத்தியதரைக் கடலுக்குள் போய்ப் பெருகிவிட்டன. துருக்கியின் தெற்குக் கரையில் பாசிக்காடு நின்ற பாறைகள் பல இடங்களில் மொட்டையாகிவிட்டன. அங்கே இத்தனை வேகமாகப் பாசி மேய்கிற மீன் பழக்கத்தில் இல்லை. நம் மன்னார் வளைகுடாவில் பாசியும் ஓராவும் ஆதிமுதல் சேர்ந்து வாழ்ந்தவை.

மண்சட்டி

நான் சமையலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் அம்மா வீடு கூடுதாழை, வாக்கப்பட்டது வள்ளியூர்.

தம்பி, ஓராவைக் கையில் எடுத்ததும் முதல் வேலை முள்ளு நறுக்குவது. கத்தரிக்கோலால் தலைப்பக்கம் இருந்து வால்பக்கமாக முதுகு முள்ளை அடியோடு நறுக்குங்கள், பிறகு வயிறு, பிறகு பின்னால் அடிமுள். நறுக்கின முள்ளைக் காகிதத்தில் மடித்துப் போடுங்கள், குப்பை எடுக்க வருகிறவர் கையிலும் ஏறும். அதுக்கு அப்புறம்தான் அருவாமனைப் பக்கம் போக வேண்டும். செதில் பொடியாகத் தோலோடு கிடக்கும், உரச வேண்டியதில்லை.

குடலைக் கிழிக்காமல் முழுசாக உருவி எடுங்கள். ஓராக் குடல் நீளம், உள்ளே முழுக்கப் பாசி. கிழிந்தால் வாடை கறியில் ஏறிவிடும். ஓரா பிடிக்காது, நாறும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் குடலை நேரத்தோடு எடுக்காமல் வைத்திருந்தவர்கள்தான். வாங்கி வந்த கையோடு எடுத்துவிட்டால் அந்தச் சதையின் இனிப்பு வேறு எந்த மீனிலும் வராது.

குழம்புக்குத் தேங்காயோடு சீரகமும் சின்ன வெங்காயமும் வைத்து மையாக அரைத்து, புளி கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, கொதி வந்த பிறகு மீனைப் போட்டுப் பத்து நிமிடம். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள், சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டுங்கள். சதை மிருது, உடைந்துபோகும்.

கடல்தொட்டி

குறுக்கே ஒரு கேள்வி. திருநெல்வேலி டவுனில் வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், மூன்றடி நீளம். கூட்டமாகப் பார்க்க ஆசை, ஐந்தாறு ஓராக் குஞ்சு விடலாமா?

முத்துநகர் மாணவி

வேண்டாம் சார். ஒரு வருடத்தில் முழங்கை நீளத்தில் பாதி வந்துவிடும். நாள் முழுக்க நீந்தி மேய்கிற மீன், மூன்றடி அதற்குச் சிறை. பயந்தால் முள் விரிக்கும், தொட்டியைக் கழுவும் கைக்கும் ஆபத்து. கூட்டம்தான் ஆசை என்றால் எங்கள் தூத்துக்குடி முயல் தீவுக்கு ஒரு காலை வாருங்கள். ஓராவுக்கு ஆங்கிலத்தில் முயல் மீன் என்றுதான் பெயர், அது கொறிக்கிற வாயைப் பார்த்து வைத்த பெயர்.

பாளைவாசி

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. சங்குகுளி ஐயா எழுதியதை மகளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தலைவன் இல்லை என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

நேற்று மார்க்கெட்டுக்குப் போனோம். ஒரு அம்மா ஓராவைக் கூறு போட்டு வைத்திருந்தார். பெரியது நாலு மேலே, அடியில் எல்லாம் விரல் நீளம். நான் தயங்கினேன், மகள்தான் கேட்டாள், "குஞ்சு வேண்டாம் ஆச்சி, பெருசு மட்டும் தருவீங்களா?" அந்த அம்மா கோபிக்கவில்லை. "ஏலத்தில் கூடையோடதான் கொடுக்கான், நான் என்ன செய்ய?" என்றார். பெரியது நாலையும் தனியாக எடுத்துக் கொடுத்தார். காசு கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆயிற்று, அதில் வருத்தம் இல்லை. கத்தரிக்கோல் முறையில் நறுக்கினேன், குத்தவில்லை. குடல் முழுசாக வந்தது. அக்கா சொன்னது போலச் சட்டியை ஆட்டினேன்.

ஐயா, இன்னும் ஒன்று. குஞ்சுகள் எப்போது எங்கிருந்து வருகின்றன? மகள் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

சங்குகுளி

அந்த ஆச்சி சொன்னது உண்மை தம்பி. கூடையோடு ஏலம் போடுகிற வழக்கத்தில் அவர் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் உங்கள் மகள் கேட்டது அவருக்கு நினைவிருக்கும்.

குஞ்சு பற்றி. ஓரா நிலவைப் பார்த்து முட்டையிடும். புள்ளி ஓரா அமாவாசை கழிந்து வளர்பிறையின் முதல் வாரத்தில் இடும். அந்த நாட்களில் பிடித்த பெட்டை மீனின் வயிறு உப்பி இருப்பதைக் கரையில் எல்லோரும் அறிவார்கள். முட்டை பொடி, ஒட்டும் தன்மை உள்ளது, அடியில் பாசியிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரிந்தது மூன்று நாலு வாரம் நடுக்கடலில் நீவாட்டோடு அலையும். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் கரைத் தாழைக்குள் மேகம் மாதிரி வந்து நிற்கும். பக்கம் வெள்ளி, முதுகு மட்டும் நிறம். ஆயிரக்கணக்கில் இருக்கும். வந்த பிறகுதான் பாசி தின்னப் பழகும், குடல் நீளும், நிறம் ஏறும்.

முத்துநகர் மாணவி

ஐயா சொன்ன அந்த நாளை ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் ஊரே எதிர்பார்த்துக் காத்திருக்கும். பாசி தின்னத் தொடங்குவதற்கு முன்பே பிடித்து உப்பில் ஊறப்போடுவார்கள். பாசி தின்றுவிட்டால் குடல் வாடை வந்துவிடும் என்று அவர்களும் சொல்கிறார்கள். மண்சட்டி அக்கா சொன்ன அதே வாடைதான்.

மண்சட்டி

நல்லாயிருக்கே இது. எங்கள் அம்மா கேட்டால் சந்தோஷப்படுவார்.

பாளைவாசி

ஐயா, பள்ளி விடுமுறையில் மறுபடி உவரி வருகிறோம். அந்தக் கல்லில் அதே கூட்டம் இருக்குமா?

சங்குகுளி

நல்ல பாசி உள்ள கல்லை விட்டு அது லேசில் போகாது. அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் முன்போ பின்போ வாருங்கள், ஏற்றம் நன்றாக இருக்கும். வருகிற கிழமையைச் சொன்னால் எந்த நேரம் ஏற்றம் என்று முந்தின நாளே எழுதுகிறேன். காலையில் கிழக்கே முகம் பார்த்து உட்காருங்கள், நிழல் பின்னால் கரையில் விழும். கண் கூசும், பிள்ளைக்கு ஒரு தொப்பி எடுத்து வாருங்கள். கல்லில் பாசி வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லுங்கள். இந்த முறை 43-ஐத் தாண்டி எண்ண வேண்டுமானால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம், பத்துப் பத்தாகக் கண்ணால் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். நாங்கள் படகில் இருந்து சாளைக் கூட்டத்தை அப்படித்தான் எண்ணுவோம்.